தொர வர்றாரு

போன மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் முன்னறையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். தற்செயலாக நிமிர்ந்து பார்த்தால் கேட்டுக்கு வெளியே ஒரு கார் நிற்கிறது. அது வந்த சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. கதவைத் திறந்துகொண்டு என் மகன் இறங்கினான். கூடப் படிக்கும் பையனின் வீட்டில் வாங்கிய புது வண்டியாம். மெதுவாக வரும்போது பட்டரியில் ஓடுமாம், சத்தமே இருக்காதாம்.

"பூனை மாதிரி வந்தோம் பாத்தீங்களாம்மா," என்று சிரித்தான்.

அந்தப் பையனுக்கு முன்னாலேயே மகனைப் பார்த்துக் கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. ஹார்ன் அடித்துவிட்டு வரத் தெரியாதா என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டேனாம். மகன் பிறகு சொன்னான். மடித்த துணியெல்லாம் தரையில் கிடந்தது.

உங்களுக்கும் என் வயதுதான். உங்கள் பிள்ளைகளும் இப்போது தாங்களாக வெளியே போய் வருகிறவர்களாக இருப்பார்கள். அதனால்தான் இதை உங்களிடம் சொல்கிறேன். மகன் இந்த வருடம் என் அண்ணனின் வயதுக்கு வந்துவிட்டான். அடுத்த வருடம் அண்ணனைத் தாண்டிவிடுவான். இதை நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன், முடியவில்லை.

இரத்தோட்டையிலிருந்து மேலே ஏறும் பாதையில், பஸ் திரும்பிப் போகும் இடத்தையும் தாண்டி, வேலையாட்கள் குடியிருக்கும் லயங்கள் எல்லாம் முடிந்த பிறகும் ஒரு மண் பாதை போகும். அதன் கடைசியில் கொக்கோவும் மிளகும் கராம்பும் சாதிக்காயும் கலந்து நின்ற ஒரு சின்னத் தோட்டம். அப்பா அங்கே கண்டாக்கு. வேலையாட்களை மேய்ப்பது, சரக்கைக் காயவைத்துப் பாதுகாப்பது, துரைக்குக் கணக்குச் சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு. தோட்டத்துக்குச் சொந்தக்காரரான துரை கண்டியில் இருந்தார். மேலே இருந்த பங்களா பூட்டியே கிடக்கும். அதற்குக் கீழே எங்கள் குவாட்டர்ஸ். சுற்றிலும் வேறு வீடு இல்லை. வேலையாட்கள் கீழ் லயத்திலிருந்து காலையில் நடந்து வந்து, பின்னேரம் நடந்தே போய்விடுவார்கள்.

அந்தப் பாதையில் வண்டி வருவது அபூர்வம். வந்தால் அது எங்களிடம்தான் வரவேண்டும், அதற்கு மேல் போக இடமில்லை. ஆகவே வண்டிச் சத்தம் என்பது எங்களுக்கு ஒரு ஆள் கூப்பிடுகிற மாதிரி. எங்கள் பேச்சில் வண்டி வராது, ஆள்தான் வருவார். சரக்கு வாங்கும் முதலாளியின் லொறி கீழே முனகினால், "முதலாளி வர்றாரு" என்போம். துரையின் ஜீப் சத்தம் கேட்டால், "தொர வர்றாரு." ஜீப் வருகிறது என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

துரை வருகிறார் என்றால் அதற்கு ஒரு முறை இருந்தது. வளைவில் திரும்பும்போது டிரைவர் ஹார்னை ஒரு முறை நீளமாக அடிப்பார். அதற்குள் அப்பா சட்டை போட்டு, பொத்தானெல்லாம் பூட்டி, தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கக்கத்தில் வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கேட்டைத் திறந்து பிடித்தபடி நிற்பார். வீட்டில் உள்ள ஆண்பிள்ளைகளும் அப்படி நிற்கவேண்டும். துரை வரும்போது கேட்டு மூடிக் கிடந்தது என்று ஒரு பேச்சு வந்தால், அதைவிடப் பெரிய மானக்கேடு அப்பாவுக்கு இல்லை.

அண்ணன் மாத்தளையில் ஒரு பள்ளிக்கூடத்தில், சொந்தக்காரர் வீட்டில் தங்கி, பெரிய வகுப்புப் படித்துக்கொண்டிருந்தான். சிங்களமும் தமிழும் அவனுக்கு ஒரே மாதிரி வரும். எண்பதுகளின் கடைசி அது, அரசாங்கத்தை எதிர்த்துச் சிங்கள இளைஞர்கள் கிளம்பியிருந்த காலம். பள்ளிக்கூடம் திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. இளம் பொடியன்களை வண்டியில் வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். யார் ஏற்றினார்கள் என்பதற்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொன்னார்கள். போனவர்கள் திரும்பி வரவில்லை என்பது மட்டும் எல்லாக் கதையிலும் ஒன்றாக இருந்தது. அண்ணனோடு ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்த சிங்களப் பையன் ஒருவனை அப்படி ஏற்றினார்கள். பிறகு அவனுக்குப் பக்கத்தில் இருந்தவனை. அண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான்.

"நீ என்னடா பண்ணின?" என்று அப்பா கேட்டார்.

"பக்கத்துல உக்காந்திருந்தேன்ப்பா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் அவனும் பண்ணினான்."

அது கராம்புக் காலம். வீட்டு முன்னால் இருந்த சீமெந்துக் களத்தில் மொட்டுகள் பச்சையும் சிவப்பும் பழுப்புமாகக் காய்ந்துகொண்டிருக்கும். அந்த வாசனை சோற்றிலும் தலையணையிலும் நாயின் முதுகிலும் இருந்தது.

வீட்டுக்குக் கீழே ஓடைக்கு மேல் ஒரு பலகைப் பாலம். அண்ணன் வந்த மறுநாளே அந்தப் பலகைகளின் ஆணிகளைப் பிடுங்கினான். பிடுங்கிய ஆணிகளை ஒரு பால்மா டின்னில் போட்டு அடுப்படி பரணில் வைத்தான். ஆணி இல்லாத பலகைமேல் சக்கரம் ஏறினால், மேளத்தில் அடித்த மாதிரி எங்கள் வீட்டுக்குக் கேட்டது. பாலத்திலிருந்து பாதை இரண்டு வளைவு சுற்றித்தான் கேட்டுக்கு வரும். அந்த நேரத்துக்குள் அண்ணன் பின்வாசலால் இறங்கி, கொக்கோவுக்குள் புகுந்து, மேலே இருந்த பெரிய பாறைக்குப் பின்னால் போய்விடலாம். அவன் ஓடிப் பார்க்கும்போது நான் ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லவேண்டும். முடிப்பதற்குள் பாறைக்கு மேல் அவன் கை தெரியவேண்டும்.

"ஏழெட்டு அம்பத்தாறுல தடுமாறாத புள்ள. நீ தடுமாறினா எனக்கு நேரம் கூடக் கிடைக்குது. அது களவு," என்பான்.

வண்டிகளுக்கெல்லாம் அவன் பேர் வைத்தான். முதலாளியின் லொறிக்கு ஒரு பக்கம் வில்லு உடைந்திருந்தது, பலகையில் ஏறும்போது இழுத்து இழுத்து ஏறும். அது நொண்டி. துரையின் ஜீப்புக்கு சைலன்சரில் ஓட்டை, ஏற்றத்தில் விட்டு விட்டு இருமும். அதற்கு இருமல்காரர் என்று பேர். "தொரையோட ஜீப்புக்கு மரியாத குடுக்கணும்ல, அதனால 'ர்' போட்டிருக்கேன்," என்றான். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எங்களுக்கு எதிரே ஒரு மொட்டைப் பாறை இருந்தது. எந்தச் சத்தமும் முதலில் அந்தப் பாறையில் எதிரொலித்துத்தான் எங்களிடம் வரும். புது ஆளாக இருந்தால் வண்டி மலைக்கு மேலிருந்து இறங்குகிறது என்றுதான் நினைப்பார். பாறை சொல்வதைக் கேட்டு, வண்டி கீழே எந்த வளைவில் இருக்கிறது என்று சொல்ல அம்மாவுக்குத் தெரியும். யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த மாதங்களில் அம்மா மிளகாய் இடிப்பதை விட்டுவிட்டார். ரேடியோ போடவில்லை. அப்பா தும்மல் வந்தால் துவாயை வாயில் அமுக்கிக்கொள்வார். நாங்கள் சண்டை போட்டால்கூட மெதுவாகவே போட்டோம். நாயும் எங்களைப் பார்த்துக் குரைப்பதைக் குறைத்துக்கொண்டது என்று எனக்குத் தோன்றும்.

மழைதான் எதிரி. தகரத்தில் மழை விழுந்தால் ஒன்றும் கேட்காது. மேகம் இறங்கிவிட்டால் அம்மா அண்ணன் தலையில் ஒரு சாக்கைப் போட்டுப் பாறைக்கு அனுப்பிவிடுவார். மழை விட்ட பிறகுதான் வருவான். கால் முழுக்க அட்டை கடித்த இரத்தம். தேசிக்காயைப் பிழிந்து தேய்த்துக்கொண்டே, "ஒரு வருசம்னா ஒரு வருசம், பொறுத்துக்கடா," என்பார் அம்மா.

"ஒரு வருசத்துல அட்டைக்கெல்லாம் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடத் தெரிஞ்சுடும்மா."

ஒருநாள் தெரியாத வண்டி வந்தது.

முற்பகல். அம்மா களத்தில் கராம்பைக் கிளறிக்கொண்டிருந்தார். எதிரே மொட்டைப் பாறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நொண்டியும் இல்லை, இருமலும் இல்லை. அம்மா கிளறுகிற கையை நிறுத்தாமல், "எறங்கு," என்று மட்டும் சொன்னார். அண்ணன் போய்விட்டான். நாய் குரைத்துக்கொண்டு கேட்டுக்கு ஓடியது. பலகை அதிர்ந்தது. நான் வாய்ப்பாட்டை மனதுக்குள் சொன்னேன். முடித்தபோது பாறைமேல் ஒன்றும் தெரியவில்லை. அவன் கையைக் காட்டக்கூடாது என்று பிறகுதான் எனக்கு உறைத்தது.

சாதாரண உடுப்புப் போட்ட நாலைந்து பேர். அப்பாவிடம் அண்ணனின் பேரைச் சொல்லிக் கேட்டார்கள். அப்பா கூசாமல் பொய் சொன்னார். மகன் கொழும்புக்கு வேலை தேடிப் போய்விட்டான், சொல்பேச்சுக் கேட்காத பிள்ளை, போனவன் ஒரு கடிதம்கூடப் போடவில்லை என்று சிங்களத்தில் அலுத்துக்கொண்டார். அம்மா தேத்தண்ணி கொடுத்தார். குடித்துவிட்டுப் போனார்கள். எங்கள் அப்பாவை அன்றைக்குப் போல நான் ஒருநாளும் பெருமையாகப் பார்த்ததில்லை.

அடுத்த நாள் முதலாளி வந்தார். மாத்தளைக் கடைவீதியில் சரக்குக் கடை வைத்திருந்த முஸ்லிம் மனிதர். பரம்பரையாக இந்த மலையில் ஏறி இறங்கிச் சரக்கு வாங்கும் குடும்பம். கராம்பை உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்த்தபடி, அன்றைக்கு விலை பேசவில்லை.

"கண்டாக்கையா, ஒரு கதை சொல்றேன். கோவிச்சுக்கப்படாது."

"சொல்லுங்க முதலாளி."

"பொடியன எங்கூட அனுப்புங்க. மூட்டைக்கு நடுவுல உக்கார வெச்சுக் கொண்டு போறேன். புத்தளத்துல எங்க மச்சான்ட கடை இரிக்கி. தொப்பி ஒண்ணப் போட்டு கல்லாப்பெட்டிக்குப் பக்கத்துல உக்கார வெச்சா, பெத்த தாய்கூட கண்டுபிடிக்க மாட்டா."

"தொப்பி எனக்கு எடுப்பா இருக்குமா முதலாளி?" என்றான் அண்ணன்.

"எடுப்பா இருந்து யாரும் பொண்ணு குடுக்க வந்தா, அதுக்கு நான் பொறுப்பில்ல வாப்பா."

அம்மா சிரித்தார். அம்மா வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அதுதான் கடைசி.

அப்பா சிரிக்கவில்லை. "தொரகிட்ட ஒரு வார்த்தை கேக்காம எப்புடி முதலாளி?" என்றார்.

"ஒங்க மகன்தானே, தொரைட மகனா?"

"இது அவரு எடம். நாளைக்கு வந்து, 'எங்கய்யா மகன்'னு கேட்டா என்னத்த சொல்றது?"

"ஊருக்குப் போயிட்டான்னு சொல்லுங்க."

"தொரகிட்ட பொய் சொல்ல ஏலாது."

அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றார். "நேத்து வந்தவங்ககிட்ட சொன்னீங்களே."

"அது வேற."

"அப்ப நான் சொல்றேன் பொய்ய. எனக்கு ஏலும்."

"நீ பேசாம இரு. தொரைக்குப் பெரிய ஆளுங்களத் தெரியும். அவரு வாயால ஒரு வார்த்தை சொன்னாருன்னா இந்தப் பக்கம் ஒருத்தனும் வரமாட்டான். நம்ம களவாணி மாதிரி மூட்டைக்குள்ள ஒளிச்சு அனுப்பணுமா?"

முதலாளி அண்ணனைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "சரி. மிச்சச் சரக்குக்கு அடுத்த கெழம வாறேன். அப்பயாச்சும் சரின்னு சொல்லுங்க," என்று லொறியில் ஏறினார். நொண்டி இழுத்து இழுத்துப் பாலத்தைக் கடந்து போகிற சத்தத்தை அம்மா கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றார்.

அப்பா இரத்தோட்டைக்கு நடந்து போய், தபால் கந்தோரிலிருந்து கண்டிக்குப் பேசினார். திரும்பி வரும்போது முகம் தெளிந்திருந்தது. "தொர வர்றேன்னு சொல்லிட்டாரு. 'நான் வந்து பேசுறேன், அது வரைக்கும் மகனை எங்கயும் அனுப்பாதே'ன்னு சொன்னாரு," என்றார்.

அப்பா பாவம் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. பாட்டன் காலத்திலிருந்து துரையின் வாயிலிருந்து வந்த வார்த்தையில்தான் எங்கள் வேலையும் கூரையும் ஆஸ்பத்திரியும் இருந்தன. துரை சொன்னால் நடக்கும் என்பது அப்பா நம்பிய விஷயம் இல்லை, பார்த்து வளர்ந்த விஷயம். தெரிந்த பிறகும் எனக்கு ஆறுதலாக இல்லை.

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு விதமாகக் காது கொடுத்தோம். தெரியாத வண்டி வரக்கூடாது, தெரிந்த வண்டி சீக்கிரம் வரவேண்டும். முதலாளி சொன்ன கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. யார் முதலில் வருவார்கள் என்பதுதான் வீட்டில் ஒரே நினைப்பு. அம்மா முதலாளியை எதிர்பார்த்தார். அண்ணனின் இரண்டு சட்டையை ஒரு பையில் வைத்து அரிசிப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்ததை நான் பார்த்தேன்.

முதலில் வந்தது ஜீப்.

மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். மழை கட்டிக்கொண்டு நின்றது. அண்ணனை அம்மா முன்கூட்டியே பாறைக்கு அனுப்பியிருந்தார். எதிரே மொட்டைப் பாறையிலிருந்து ஜீப்பின் இருமல் கேட்டது. விட்டு விட்டு, நன்றாகத் தெளிவாக. அப்பா எழுந்தார்.

"தொர வர்றாரு."

"நல்லாக் கேட்டீங்களா?" என்றார் அம்மா.

"இருமுறது கேக்கலையா? ஒனக்கே கேக்கலையா?"

அம்மாவுக்குக் கேட்டது. தலையை ஆட்டினார். நாய் குரைக்கவே இல்லை. வாலை ஆட்டிக்கொண்டு கேட்டை நோக்கி ஓடியது. அதற்கும் அந்த ஜீப்பைத் தெரியும்.

அப்பா பின்வாசலில் நின்று, அத்தனை நாளாக அடக்கி வைத்திருந்த குரலை விட்டு மலைப்பக்கம் கூப்பிட்டார். "எறங்கி வாடா. தொர வந்துட்டாரு. வந்து நின்னு நீயே கேளு, அதான் மரியாத."

அண்ணன் கொக்கோவுக்குள்ளிருந்து ஓடி வந்தான். தலையெல்லாம் சருகு. அம்மா அதைத் தட்டிவிட்டு, தன் கையாலேயே அவன் தலையை வாரினார். வாரிக்கொண்டிருக்கும்போது பலகை அதிர்ந்தது. பிறகு முதல் வளைவு. அம்மாவின் கை நின்றது.

"ஹார்ன் அடிக்கலையே."

"மழை வரப்போகுது. அவசரமா வர்றாரு போல," என்றார் அப்பா. பொத்தானைப் பூட்டிக்கொண்டே கேட்டுக்கு நடந்தார். அண்ணன் பின்னால் போனான். கேட்டருகில் இரண்டு பேரும் செருப்பைக் கழற்றினார்கள்.

நான் களத்து ஓரத்தில் நின்றேன். ஜீப் இரண்டாம் வளைவில் திரும்பி வந்தது. அப்பா கேட்டை அகலத் திறந்து பிடித்தபடி, துவாயைக் கக்கத்தில் வைத்து, நன்றாகக் குனிந்து, "சலாம் தொரைங்களே," என்றார். அண்ணனும் குனிந்தான். சலாம் சொல்லி முடித்த பிறகுதான் அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

துரை இல்லை. துரையின் டிரைவர்தான் ஓட்டி வந்திருந்தார். எப்போதும் அப்பாவிடம் பாக்கு கேட்டு வாங்கிப் போடும் மனிதர், கண்ணாடிக்கு வெளியே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். துரை உட்காரும் இடத்தில் ஒருவர், பின்னால் மூன்று நான்கு பேர். அதில் இரண்டு பேர் அன்றைக்கு எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்தவர்கள்.

துரையின் இடத்தில் இருந்தவர் மெதுவாகத்தான் பேசினார். "கொழும்பிலிருந்து எப்போது வந்தாய் மல்லி?" என்று அண்ணனிடம் சிங்களத்தில் கேட்டார். தம்பி என்றுதான் கூப்பிட்டார்.

அண்ணன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு, "கொழும்புக்குப் போகவில்லை, ஐயா. இங்கேதான் இருந்தேன்," என்றான்.

சின்ன விசாரணைதான், பின்னேரமே திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுவோம் என்றார்கள். அப்பா கேட்டைப் பிடித்த கையை எடுக்கவில்லை. வாய் அசைந்தது. கடைசியில் அவர் சொன்னது, "தொரைக்குத் தெரியுங்களா?" என்பதுதான். அதைத் தமிழில் கேட்டார்.

அம்மா ஓடி வந்தார். "செருப்ப போட்டுக்கட்டும்," என்றார். அவர்கள் அவசரப்படுத்தவில்லை. செருப்பு அவன் காலடியிலேயே கிடந்தது. அம்மாவுக்கு அது கண்ணில் படவில்லை, வீட்டுக்குள்ளே போய்க் கட்டிலுக்கு அடியில், கதவுக்குப் பின்னால் எல்லாம் தேடினார். அண்ணன்தான், "அம்மா, இங்க இருக்கும்மா," என்று கூப்பிட்டான். அதைப் போட்டுக்கொண்டு ஏறினான். ஏறும்போது என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தான். அதற்குள் டிரைவர் ஜீப்பைத் திருப்பினார்.

இருமல் இறங்கிப் போயிற்று. பலகை அதிர்ந்தது. பிறகு எதிர்ப்பாறையிலிருந்து, மலைக்கு மேலே ஏறிப் போகிற மாதிரி, கொஞ்ச நேரம் கேட்டது. மழை வந்தது. களத்தில் கிடந்த கராம்பை யாரும் அள்ளவில்லை. அப்பா கேட்டைப் பிடித்துக்கொண்டு நனைந்தபடி நின்றார். பின்னேரம் விட்டுவிடுவதாகச் சொன்னார்கள் அல்லவா, கேட்டு மூடியிருக்கக்கூடாது என்று நின்றார்.

அடுத்த கிழமை முதலாளி சொன்னபடி வந்தார். லொறியை விட்டு இறங்கி, அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்குச் சொன்னேனே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதற்குப் பிறகு ஒருநாளும் சொல்லவில்லை. அப்பாவை லொறியில் ஏற்றிக்கொண்டு மாத்தளைக்குப் போனார். கேட்கக்கூடிய இடமெல்லாம் கூட்டிப்போய்க் கேட்டார். அப்படி ஒரு ஆளை யாரும் கொண்டுவரவில்லை என்றார்கள்.

பிறகு துரை வந்தார். வளைவில் ஹார்ன் நீளமாக அடித்தது. அப்பா சட்டை போட்டுக்கொண்டு போய் நின்றார். அம்மா ஜீப்புக்குக் குறுக்கே ஓடி, பின் சீட்டில் எட்டிப் பார்த்தார். சாமான் பெட்டிதான் இருந்தது.

"வண்டி வேணும்னு வந்து கேட்டாங்க. குடுக்காம எப்படி இருக்கிறது? எங்க போறாங்கன்னு எனக்குச் சொல்லல்ல," என்றார் துரை. அவருடைய தமிழ் அவ்வளவுதான். கண் கலங்கியிருந்தது. அது பொய்யாக இருக்காது என்றுதான் நினைக்கிறேன். தபால் கந்தோரிலிருந்து அப்பா சொன்னதை அவர் வேறு யாரிடமாவது சொன்னாரா என்பதை அப்பா கேட்கவில்லை. துரையிடம் அப்படிக் கேட்பதற்கு அப்பாவிடம் வார்த்தை இருக்கவில்லை.

அன்றைக்குப் பின்னேரம் அப்பா, "தொர என்ன செய்வாரு, பாவம்," என்றார்.

"அவரு ஒண்ணும் செய்ய வேணாம்," என்றார் அம்மா. "நீங்க குனிஞ்சு சலாம் போட்டு அனுப்பி வெச்சீங்களே, அது போதும்."

அதற்கு மேல் அந்த வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு இல்லை.

எங்கள் காதுகள் மட்டும் விடவில்லை. முன்பு எந்தச் சத்தத்துக்குப் பயந்தோமோ, அந்தச் சத்தம் வராதா என்று இருந்தோம். எந்த வண்டியானாலும் சரி, தெரியாத வண்டியானால் இன்னும் நல்லது. பலகை அதிர்ந்தால் அம்மா கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் கேட்டுக்கு ஓடுவார். வேலையாள் ஒருவர் தள்ளுவண்டி தள்ளிக்கொண்டு போனாலும் ஓடுவார். அதைப் பார்க்கத் தாங்காமல் ஒருநாள் அப்பா பரணிலிருந்து பால்மா டின்னை இறக்கி, சுத்தியலையும் எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போனார். அம்மா போய்ப் பலகையின்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"ஆணி அடிக்காதீங்க. அவன் வர்றது எனக்குக் கேக்கணும்."

அப்பா டின்னோடு திரும்பி வந்தார்.

அடுத்த வருடம் துரை தோட்டத்தை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார். புதிதாக வந்தவர்கள் தங்கள் ஆளைக் கண்டாக்காக வைத்துக்கொண்டார்கள். முதலாளிதான் மாத்தளையில், பெரிய ரோட்டுக்குப் பக்கத்தில், இரண்டு அறை உள்ள ஒரு வீட்டைப் பார்த்துக் கொடுத்தார். அம்மா வரமாட்டேன் என்றார். "அங்க வந்து தேடினா ஆளில்லாம இருக்குமே," என்றார். புது ஆட்களிடமும் கீழ் லயத்திலும் எங்கள் விலாசத்தைச் சொல்லி வைத்த பிறகுதான் லொறியில் ஏறினார்.

அந்த வீட்டில் வண்டிச் சத்தம் ஓயாது. தம்புள்ளைக்குப் போகும் பஸ், கண்டியிலிருந்து வரும் பஸ், லொறி, வேன், முச்சக்கரவண்டி. முதல் நாட்களில் அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையை நிமிர்த்தினார். சோறு வாயில் வைத்தால் விழுங்காமல் கேட்பார். ஒன்று போனதும் இன்னொன்று. மலையில் ஒரு சத்தம் என்றால் அது எங்களுக்காக வருவது. இங்கே அத்தனையும் யாருக்காகவோ வந்து, யாரிடமோ போயின. அம்மா இரண்டு கிழமைக்குள் பாதியாக மெலிந்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பா வெறும் மேலோடு பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து போஞ்சிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு வேன் வேகம் குறைந்து, எங்கள் வாசலுக்கு நேரே நின்றது. என்ஜினை நிறுத்தவில்லை. நான் எழுந்துவிட்டேன். அப்பா பேப்பரைப் போட்டுவிட்டு ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்தார். பொத்தான்களை மாற்றி மாற்றிப் பூட்டினார். அப்படியே வாசலுக்குப் போய், இரண்டு கதவையும் அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

அம்மா திரும்பவில்லை. கத்தியும் நிற்கவில்லை.

"அது திருப்புறதுக்கு நின்ன வண்டி," என்றார். "உள்ள வாங்க."

வேன் பின்னால் போய், முன்னால் வந்து, வந்த வழியே போனது. அப்பா கதவைப் பிடித்தபடி இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். அம்மா அடுத்த போஞ்சியை எடுத்தார்.